பாம்பு நக்கிய கை

மண்ணுளிப் பாம்பு நக்கினால் உடம்பு வெளுத்துப்போகும் என்பதை எங்கள் பக்கத்தில் நம்பாத ஆட்கள் குறைவு. ராஜபாளையத்தில் ஒரு கல்லூரியில் விலங்கியல் நடத்துகிற நான், அந்த நம்பிக்கையை ஒழித்துக்கட்டுவதையே பிறவிப் பயன் என்று வைத்திருந்தேன். சேத்தூர், சுந்தரபாண்டியம் என்று எந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கூப்பிட்டாலும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன். பாம்புப் படங்களைத் திரையில் போட்டு, "எந்தப் பாம்பு நக்கினாலும் வெண்புள்ளி வராது" என்று பிள்ளைகளை மூன்று தரம் உரக்கச் சொல்லவைப்பேன். ஊரில் எனக்குப் பாம்பு வாத்தியார் என்று பெயர். டீக்கடையில் யாராவது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால், காதில் விழாதது போல இருந்துவிட்டு இரண்டாம் தரம் கூப்பிடும்போதுதான் திரும்புவேன். அவ்வளவு பெருமை எனக்கு.

நான் போட்டுக் காட்டும் படங்களில் முக்கியமானது என் அக்கா மகள் கண்டெடுத்த பாம்பு. அத்தான் காலமான பிறகு, சேத்தூருக்கு மேற்கே மலையடியில் இருக்கும் தென்னந்தோப்பை அவள்தான் கவனித்துவந்தாள். வாரநாளில் ராஜபாளையத்து மில் ஒன்றில் நூலின் தரம் பார்க்கிற வேலை, ஞாயிற்றுக்கிழமை தோப்பு. ஐப்பசி மழை வெறித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்தாள்.

"மாமா, மட்டைக் குப்பையப் புரட்டுனேன், ஒரு பாம்பு கெடக்கு. ஆனா வால யாரோ சாய்ச்சு வெட்டுன மாதிரி இருக்கு. வாரீயளா?"

மோட்டார் சைக்கிளை விரட்டிக்கொண்டு போனேன். மக்கிய தென்னை மட்டைக்கு அடியில் ஈர மண்ணில் கிடந்தது. விரல் தடிமன், ஒரு முழத்துக்கும் குறைவு. முதலில் பார்த்தால் கறுப்பு. வெயில் பட்டதும் கத்தரிப்பூ நிறமும் பச்சையுமாக மினுங்கியது. விலாவில் மஞ்சள் திட்டுகள். கூரான சின்னத் தலை. வால் நுனியில் சொரசொரப்பான ஒரு தட்டு, அதில் ஒட்டிய மண். வளைக்குள் போனதும் அந்த மண் வாலாலேயே வாசலை அடைத்துக்கொள்ளும். கேடயவால் பாம்பு. மண்புழுவைத் தின்று மண்ணுக்குள்ளேயே காலம் தள்ளுகிற பிராணி. கடிக்கத் தெரியாது. மண்ணுக்குள் இருக்கிற எல்லாமே எங்கள் ஆட்களுக்கு மண்ணுளிதான், அதனால் இதற்கும் அதே கெட்ட பெயர்.

அவள் அதைக் கையில் எடுத்தாள். அது ஆள்காட்டி விரலைச் சுற்றிக்கொண்டு, மூக்கால் உள்ளங்கையை முட்டி முட்டி வழி தேடியது. தோப்பில் வேலை பார்த்த ஒரு வயதான அம்மாள் தூரத்திலிருந்தே அலறினார்.

"எம்மா, கீழ போடும்மா! நக்குச்சுன்னா கை வெளுத்துப்போகும்!"

"இது நக்கல ஆச்சி. நான் யாருன்னு மோந்து பாக்குது" என்று சிரித்தாள்.

நான் படம் எடுத்தேன். அவளுடைய இடது கை, விரலைச் சுற்றிய பாம்பு, மணிக்கட்டின் மேல் அந்த வால் தட்டு. பிறகு அவள் அதைத் தரையில் விட்டாள். ஈர மண்ணுக்குள் தண்ணீர் இறங்குவது போல இறங்கிப் போய்விட்டது. இந்தப் பாம்புகளையே ஆராய்கிற ஒருவருக்குப் படங்களை அனுப்பினேன். இந்த வகை அபூர்வமாகத்தான் கண்ணில் படும், எத்தனை குட்டி போடும் என்பதுகூடச் சரியாகத் தெரியாது, எது கிடைத்தாலும் எழுதுங்கள் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை நான் எத்தனை பேரிடம் படித்துக் காட்டியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை.

இரண்டு வருடம் கழித்து அக்கா மகளின் இடது மணிக்கட்டில் வெள்ளையாக ஒரு புள்ளி விழுந்தது. புளியங்கொட்டை அளவுதான். மூன்று மாதத்தில் விரல் முட்டியிலும் ஒன்று. வலது கையில் வந்திருக்கக் கூடாதா? பாழாய்ப்போன தற்செயல், பாம்பு பிடித்த அதே கையில் வந்தது. தோப்பில் எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நான்தான் அவளை மதுரைக்கு ஒரு தோல் மருத்துவரிடம் கூட்டிப்போனேன். ஒட்டாது, உயிருக்கு ஒன்றும் செய்யாது, மருந்து போட்டால் சிலருக்கு நிறம் திரும்பும், சிலருக்குத் திரும்பாது என்றார். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். எங்கள் அம்மாவுக்குக் கணுக்காலில் இருந்தது. சாகும்வரை சேலைக் கரையால் மறைத்தே நடந்தாள். அதை மருத்துவரிடம் சொன்னேன். சில குடும்பங்களில் அப்படித் தொடரலாம், தொடராமலும் போகலாம் என்றார் அவர்.

அவள் அதற்காக ஒரு நாளும் அழவில்லை. முழுக்கைச் சட்டையும் போடவில்லை. அக்காதான் தூக்கத்தைத் தொலைத்தாள். வரன் வரும், கையைப் பார்க்கும், போய்விடும். அப்படி இரண்டு போனது. மூன்றாவதாக ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பையனுக்கு ஓசூரில் வேலை. போனில் பேசிப் பழகியிருந்தார்கள். பெண் பார்க்க வருவதற்கு முந்தின நாள் மில் வாசலில் அவளை ஏற்றிக்கொண்டு வந்தேன். பின்னால் உட்கார்ந்து என் காதருகே பேசினாள்.

"மாமா, அவருட்ட எல்லாத்தையும் சொல்லிட்டேன். அவருக்கு ஒண்ணுமில்ல. அம்மா அப்பாட்ட மறைக்காமச் சொல்லிருங்கன்னாரு. தாய்மாமன் நீங்கதான சபையில பேசணும். டாக்டர் சொன்னதச் சொல்லுங்க. அம்மாச்சி கால்ல இருந்ததையும் சொல்லுங்க. அதக் கேட்டுட்டு என்னைய எடுத்தா எடுக்கட்டும். இல்லேன்னா போகட்டும்."

"சொல்லுதேன் தாயி. இதுல என்ன இருக்கு" என்றேன்.

மறுநாள் பையனின் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். அவர் அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அளந்து பேசுகிறவர். காபி கொடுக்கும்போது அந்த அம்மாள் டம்ளரை வாங்காமல் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"இது என்னம்மா, சுட்டுக்கிட்டியா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "அது ஒண்ணுமில்ல மைனி. தோப்புல மண்ணுளி நக்கிருச்சு. எங்க வம்சத்துல யாருக்கும் கெடையாது. ஏட்டி, நீ உள்ள போ."

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் பயமே இல்லை. மாமா சரியாகச் சொல்லிவிடுவார் என்ற நிம்மதிதான் இருந்தது. உள்ளே போய்விட்டாள்.

பையனின் அப்பா என் பக்கம் திரும்பினார். "சார், நீங்க பாம்பு விஷயத்துல பெரிய ஆளுன்னு கேள்விப்பட்டிருக்கோம். நீங்களே சொல்லுங்க. நக்குனா நெசமாவே இப்படி வருமா?"

வராது என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். எத்தனையோ பள்ளிக்கூடங்களில் கத்திக் கத்திச் சொன்ன வார்த்தைதான். அக்கா சேலை நுனியை முறுக்கிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தேன். அந்தப் படத்தை எடுத்து நீட்டினேன்.

"இந்தப் பாம்புதான். பாத்தீங்களா, இதே கைதான். பொதுவா அப்படி வராதுங்க. ஆனா இது ரொம்ப அபூர்வமான ஜாதி. இதப் பத்தி உலகத்துலயே யாருக்கும் முழுசாத் தெரியாது. இதோட எச்சில்ல என்ன இருக்குன்னு இனிமேத்தான் ஆராய்ச்சி பண்ணணும்."

நாக்கு கூசவில்லை. வகுப்பில் பேசுகிற அதே குரல். ஒவ்வொரு வாக்கியத்தையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் யாரும் குற்றம் சொல்ல முடியாதபடி பார்த்துப் பார்த்துக் கோத்தேன். ஒரு பாம்பைப் பற்றி உலகத்துக்கு ஒன்றும் தெரியாமல் இருப்பது இப்படியும் உதவும் என்று அதற்குமுன் நான் நினைத்ததில்லை.

"அப்போ வம்சத்துல வாரதில்ல" என்று அந்த அம்மாள் மூச்சு விட்டார். தட்டிலிருந்து மிக்சரை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். சம்மதம் என்று அர்த்தம்.

அவர்கள் போன பிறகு அவள் கூடத்துக்கு வந்தாள். கதவுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"என் கையவே காட்டிப் பொய் சொல்லிட்டீயளே மாமா."

"கல்யாணம் முடியட்டும் தாயி. பொறவு பாத்துக்கிடலாம். உனக்காகத்தான்" என்றேன்.

உனக்காக என்றதுதான் அன்றைக்கு நான் சொன்ன பொய்களிலேயே பெரியது. இதை எழுதும்போதும் கை தயங்குகிறது. என் மகள் அப்போது கல்லூரியில் கடைசி வருடம். வம்சத்தில் உண்டு என்று ஒரு சபையில் தாய்மாமன் வாயால் வெளிப்பட்டுவிட்டால், ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையில் என் மகளுக்கு எவன் வருவான்? போனை எடுத்த அந்த நிமிடத்தில் நான் நினைத்தது என் மகளைத்தான். அக்கா மகளின் கை ஒரு சாக்கு. பாம்பு அதற்கும் மேலே ஒரு சாக்கு.

அவர்களிடம் நானே பேசுகிறேன் என்று அவள் கிளம்பினாள். அக்கா அழுதாள், சாப்பிட மாட்டேன் என்றாள். ஒரு மாதம்போல அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். தட்டு மாற்றுவதற்கு நாள் குறித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை தோப்பிலிருந்து போன் வந்தது. "வாங்க" என்றாள், வேறு ஒன்றும் சொல்லவில்லை.

மட்டைக் குப்பையை அள்ளி நெருப்பு வைத்திருந்தார்கள். அதற்கு அடியில் இருந்த மண்ணை முழங்கால் ஆழத்துக்குக் கொத்திப் போட்டிருந்தார்கள். சம்பந்தி வீட்டார் தோப்பைப் பார்க்க வருவார்களே, அதற்குள் சுத்தம் பண்ணச் சொல்லி அக்கா ஆள் விட்டிருக்கிறாள். கொத்திய ஆள் என்னைப் பார்த்ததும் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு ஓடிவந்தான்.

"சார், மூணு அடிச்சுப் போட்டிருக்கு. அம்புட்டும் நீங்க சொன்ன அதே பாம்பு. இது மத்த மண்ணுளி மாதிரி இல்ல, நெசமாவே நக்கும்னு நீங்களே சொல்லிட்டியளாம்லா. இனி ஒண்ணு விடமாட்டோம்."

வேலியோரம் ஓலை மேல் வரிசையாகப் போட்டிருந்தான். ஒன்று மற்றதைவிடப் பருமன். மண்வெட்டி அதன் வயிற்றில் விழுந்திருந்தது. உள்ளே குட்டிகள், ஊதுவத்திக் குச்சியைவிடக் கொஞ்சம் தடிமன், வால் நுனியில் அந்தத் தட்டுகூட உருவாகியிருந்தது. எத்தனை குட்டி போடும் என்று தெரியாது என அந்த ஆராய்ச்சியாளர் எழுதியிருந்தாரே, இப்போது எனக்குத் தெரிந்தது. நான்கு. இன்றுவரை நான் அதை அவருக்கு எழுதவில்லை.

அவள் என் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். அழுதிருந்தாள். அந்த நோய்க்கு அழாதவள்.

"ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ச் சொல்லிட்டு வாங்க மாமா. நீங்க சொன்னாத்தான் கேப்பாக. நான் சொன்னா கூச்சத்துல ஏதோ சொல்லுதேம்பாக. நீங்க போகலேன்னா நான் தட்டு மாத்த உக்காரமாட்டேன்."

அந்த வாரமே போனேன். மடவார் வளாகத்தில் கோயிலைத் தாண்டி அவர்கள் வீடு. வழி முழுக்கச் சொல்ல வேண்டியதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். அது என் பொய், அவளுக்கு வந்திருப்பது சாதாரண வெண்புள்ளி, எங்கள் அம்மாவுக்கும் உண்டு. வெறும் மூன்று விஷயம். பையனின் அப்பா வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். அந்த அம்மாள் பால்கோவாவும் காராச்சேவும் கொண்டுவந்து வைத்தார்.

"அந்தப் பாம்பு விஷயமா ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன். "டாக்டர் வேற மாதிரி சொல்றாருங்க."

அவர் சிரித்தார். "டாக்டருக்குப் பாம்பப் பத்தி என்ன சார் தெரியும்? அன்னைக்கு நீங்க படத்தோட வெளக்கிட்டீங்க. எங்களுக்கு அது போதும். நீங்க மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க."

எனக்கு இரண்டு விஷயம் பாக்கி இருந்தது. பால்கோவாவை ஒரு கரண்டி எடுத்து வாயில் போட்டேன். வாயில் ஏதாவது இருந்தால் பேச வேண்டியதில்லை. காபி வந்தது. மண்டபம் எது, சமையல் யார் என்று பேச்சு போனது. நானும் அதில் கலந்துகொண்டு, நல்ல சமையல்காரர் ஒருவரைச் சொல்லிவிட்டு எழுந்தேன். பஸ் ஏறி உட்கார்ந்தபோது வருத்தம் வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், நிம்மதியாகத்தான் இருந்தது.

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் அவள் காத்துக்கொண்டு நின்றாள்.

"சொன்னீயளா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாக?"

"அவங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னுட்டாங்க."

அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். அதற்குமுன் பல வருடமாக அவளை அப்படிப் பார்த்ததில்லை. "ரொம்ப நல்லவுக மாமா" என்றாள். பிறகு, "நீங்களும்தான்" என்றாள். நான் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

கல்யாணம் நடந்தது. இரண்டு பேரும் ஓசூரில் குடியிருந்தார்கள். நான் நேரில் போய்ச் சொல்லிவிட்டதாக அவள் சொன்னதை நம்பி, மாப்பிள்ளையும் தன் வீட்டில் அந்தப் பேச்சைக் கிளறவில்லை. மாமியார் மாமனாரைப் பற்றி அவள் பேசினால் பேச்சில் நன்றி இருக்கும். உள்ளதை உள்ளபடி கேட்டு எடுத்தவர்கள் என்று போனில் ஒருதரம் சொன்னாள். நான் சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

அடுத்த வருடம் அவள் உண்டாகியிருந்தாள். ஏழாம் மாதம் வளைகாப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டில். தாய்மாமன் சீர் என்று சேலை, வளையல், பழத்தட்டுகளோடு நானும் என் மனைவியும் அக்காவும் போனோம். கூடத்தில் பெண்கள் கூட்டம். ஆண்கள் ஓரமாக நின்றோம். அவளை மனையில் உட்காரவைத்து, ஒவ்வொருவராகக் கன்னத்தில் சந்தனம் தடவி, இரண்டு கையிலும் வளையல் போட்டார்கள். இடது கையில் வெள்ளை இப்போது புறங்கை வரைக்கும் வந்திருந்தது. அவள் அதை மறைக்காமல் நீட்டிக்கொண்டிருந்தாள். தெரிந்து எடுத்தவர்களின் வீடு என்ற தைரியம்.

மாப்பிள்ளையின் பெரியம்மா ஒருவர் வளையலோடு குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "இது என்ன தாயி, கையெல்லாம் இப்படி?"

மாமியார் சிரித்துக்கொண்டே பதில் சொன்னார். "சீக்கு இல்லக்கா, பயப்படாத. அபூர்வமான பாம்பு ஒண்ணு நக்கினது. வம்சத்துல கெடையாது, பிள்ளைக்கு வராது. அந்தா நிக்காகள்ல, அவ மாமா, காலேஜ் வாத்தியாரு, அவரு படத்தக் காட்டி வெளக்குனாக. கல்யாணத்துக்கு முன்னாடி இங்க வீட்டுக்கே வந்தும் பேசிட்டுப் போனாகளே."

அவள் தலையைத் திருப்பி என்னைத் தேடினாள். கன்னத்தில் சந்தனம் காய்ந்திருந்தது. கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். வழியில் எதையோ தவறவிட்டவள் போல, எங்கே விட்டேன் என்று யோசிக்கிறவள் போல, என்னைப் பார்த்தாள். நான் தட்டிலிருந்த ஆப்பிளைப் பார்த்தேன்.

"அத்தை" என்றாள். சத்தம் போடவில்லை, ஆனால் கூடம் அடங்கிவிட்டது. "பாம்பு நக்கல. அது பாவம், யாரையும் ஒண்ணும் செய்யாது. எனக்கு வந்திருக்கது வெண்புள்ளி. எங்க அம்மாச்சிக்குக் கால்ல இருந்துச்சு. வயித்துல இருக்க இவனுக்கோ இவளுக்கோ வந்தாலும் வரும், வராட்டியும் போகும். இது உங்களுக்கு முன்னாடியே தெரியும்னு நெனச்சுத்தான் இந்த வீட்டுக்கு வந்தேன்."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமியாரின் முகத்தில் ஈயாடவில்லை. அவர் மெல்லத் திரும்பி என்னைக் கூப்பிட்டார்.

"சார், நீங்க சொல்லுங்க. இவ சொல்றது..."

நான் ஓரடி முன்னால் வந்தேன். இந்தத் தரம் சொல்லியிருப்பேன். சத்தியமாகச் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

"அவியளக் கேக்காதீங்க அத்தை" என்றாள் அவள். "அவிய சொல்லமாட்டாக."

கூடத்தில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை. மாமியார் அந்தக் கையைப் பார்த்தார். என்னென்னவோ அவர் மனதில் ஓடியிருக்கும். பிறகு மனைக்கு எதிரே தரையில் உட்கார்ந்து, பெரியம்மாவிடமிருந்து வளையல்களை வாங்கினார்.

"சரி, கைய நீட்டு" என்றார். அவள் வலது கையை நீட்டினாள். "அந்தக் கைய" என்றார்.

நான் பந்திக் கூடத்துக்குப் போய் இலை போட ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.